பங்குனி, சித்திரையில் பூ பார்க்க எங்கே போகலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாசி பாதி தாண்டி வெயில் ஏற ஆரம்பித்ததும் "எங்கே போனா பூ பார்க்கலாம்" என்று சொந்தக்காரர்கள், அலுவலக நண்பர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று ஒருவர் மாற்றி ஒருவர் கேட்க ஆரம்பித்துவிடுகிறார்கள். ஆள் மாறினாலும் சந்தேகங்கள் பெரும்பாலும் அதே சந்தேகங்கள்தான். அதனால் மொத்தமாக எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். தமிழ்நாட்டை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன், அதிலும் தொட்டியில் வளர்த்து அடுக்கி வைக்கிற பூக்கள் இல்லை, மலையடிவாரம், ஏரிக்கரை, ஊர்ச்சாலை, தோட்டம் என்று வெளியில் பூப்பவை.

நம்ம ஊர்ல வசந்த காலம்னு ஒண்ணு இருக்கா? மார்ச் வந்தா வெயில்தானே?

இருக்கிறது. சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்று நம் முன்னோர் பிரித்து வைத்தார்கள். மரங்கள் அதற்கும் முன்னால், தை கடைசியிலேயே தொடங்கிவிடும். பனி நாடுகளில் குளிர் விலகியதும் தரையில் செடிகள் பூக்கும், இங்கே வெயில் ஏற ஏற மரங்கள் பூக்கும். அதனால்தான் பலருக்கு இது கண்ணில் படுவதில்லை. காய்ந்த புல்லைப் பார்த்துவிட்டு "எல்லாம் கருகிப் போச்சு" என்று சொல்லிக்கொண்டே போகிறார்கள், தலைக்கு மேலே கிளை கொள்ளாமல் பூத்திருக்கும்.

நம் வறண்ட காட்டு மரங்கள் தண்ணீரை மிச்சம் பிடிக்க இலையை உதிர்த்துவிடும். இலை இல்லாத மொட்டைக் கிளையில் பூத்தால் பறவைக்கும் தேனீக்கும் தூரத்தில் இருந்தே தெரியும். இப்போது பூத்தால்தான் காய்த்து, விதை முற்றி, மழை வரும் நேரத்துக்கு மண்ணில் விழ முடியும். நமக்குச் சகிக்க முடியாத வெயிலில் இவை பூப்பதற்கு இதுதான் காரணம்.

சரி, எந்த மாசம் என்ன பூக்கும்? ஒரே தடவை போனா எல்லாத்தையும் பார்த்துடலாமா?

முடியாது, நாலைந்து மாதத்துக்கு ஒன்றன்பின் ஒன்றாக வரும். தை, மாசியில் இலவமும் கல்யாண முருங்கையும். மாம்பூவும் அப்போதுதான், சில தோப்புகளில் மார்கழியிலேயே வந்துவிடும். கிருஷ்ணகிரிப் பக்கமும் திண்டுக்கல் நத்தம் பக்கமும் மாந்தோப்புகளைக் கடந்து போனால் காற்றிலேயே தெரியும். மாசி, பங்குனியில் புரசு, கோங்கு, மலைப்பகுதியில் ஜகரண்டா, மழையைப் பொறுத்து காபி. பங்குனி, சித்திரையில் புங்கம், வேம்பு, மாவிலங்கம், இலுப்பை, வாகை. சித்திரை, வைகாசியில் சரக்கொன்றை, பூமருது, குல்மொஹர்.

ஒரே பயணம்தான் போக முடியும் என்றால் பங்குனி முதல் பாதியைச் சொல்வேன். புரசின் கடைசியும் புங்கத்தின் தொடக்கமும் ஒன்றாகக் கிடைக்கும்.

ஊட்டி மலர் கண்காட்சிக்குப் போனா போதாதா? எல்லாம் ஒரே இடத்துல இருக்குமே?

அது வேறு விஷயம். ஊட்டி அரசு தாவரவியல் பூங்கா 1848-ல் தொடங்கியது, மே மாதக் கண்காட்சியும் நூறு ஆண்டைத் தாண்டியது, அங்கே உழைக்கிற தோட்டக்காரர்கள் மேல் எனக்கு நிறைய மரியாதை உண்டு. குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு ஒருமுறை போய் வாருங்கள். ஆனால் அங்கே இருப்பவை பெரும்பாலும் கண்காட்சித் தேதியைக் கணக்குப் போட்டு விதைத்து, தொட்டியில் வளர்த்த சீமைப் பூக்கள். நம் மண்ணின் பூக்காலம் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டால் மலை உச்சிக்குப் போக வேண்டியதில்லை, மலைக்கு ஏறும் வழியில் அடிவாரத்திலேயே வண்டியை மெதுவாக ஓட்டினால் போதும். மே மாத ஊட்டிக் கூட்டத்தில் நிற்கிற நேரத்தில் மார்ச் மாதத்தில் அடிவாரச் சாலை ஒன்றைச் சுற்றிவிடலாம்.

எல்லா மரமும் சிவப்பா பூத்திருக்கு, எது புரசு எது முருங்கைன்னே தெரியல. எப்படிக் கண்டுபிடிக்கிறது?

நான்கு மரங்களைத்தான் குழப்பிக்கொள்கிறார்கள். நிறத்தை மட்டும் பார்த்தால் குழப்பம்தான், அடிமரத்தையும் கிளையையும் சேர்த்துப் பாருங்கள்.

புரசு (சிலர் பொரசு, பலாசம் என்பார்கள்) ஆரஞ்சுச் சிவப்பு. இதழ் கிளி மூக்கு போல வளைந்திருக்கும், மொட்டின் அடிக்கிண்ணம் வெல்வெட் துணி மாதிரி கருமையாக இருக்கும். மரம் கோணல்மாணலாக வளரும், அதிக உயரம் போகாது. இலை இருந்தால் மூன்று மூன்றாக இருக்கும். கல்யாண முருங்கைக்கும் மூன்று இலைதான், ஆனால் பூ நல்ல இரத்தச் சிவப்பு, கிளை நுனியில் கொத்தாக நிமிர்ந்து நிற்கும், தண்டில் முள் இருக்கும். வெற்றிலைக் கொடிக்காலிலும் வேலியோரத்திலும் பார்க்கலாம். இலவம் நெடுநெடுவென்று வளர்ந்த மரம், கிளைகள் அடுக்கடுக்காகப் பக்கவாட்டில் நீளும், இளம் மரத்தில் கூம்பு கூம்பாக முள். பூ உள்ளங்கை அளவு, ஐந்து தடித்த இதழ். கீழே நின்றால் தொப்பென்று விழும் சத்தம் கேட்கும்.

குல்மொஹர் இந்த மூன்றோடும் சேராது. குடை மாதிரி விரிந்த மரம், இறகு மாதிரி நுணுக்கமான இலை, ஐந்து இதழில் ஒன்றில் மட்டும் வெள்ளையும் மஞ்சளும் கலந்த கோடுகள். மேலே சொன்ன மூன்றும் ஓய்ந்த பிறகு மே மாதத்தில்தான் அதன் முறை வரும்.

மஞ்சள் பூ மரத்துலயும் இதே குழப்பம். எல்லாமே கொன்றையா?

இல்லை. சரக்கொன்றையில் பூ சரம் சரமாகக் கீழ்நோக்கித் தொங்கும், பக்கத்திலேயே போன வருடத்தின் நீளமான கருங்காய்களும் தொங்கும். சாலையோரம் நிமிர்ந்த கொத்தாக, சற்றுத் துரு நிற மொட்டுகளோடு இருப்பது பெருங்கொன்றை என்கிற இயல்வாகை, அதன் காய் தட்டையாகச் செம்பு நிறத்தில் இருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது கோங்கு. பாறைக் குன்றுகளில், வேறு எதுவும் முளைக்க யோசிக்கிற இடத்தில், இலை ஒன்றுகூட இல்லாமல் கிளை நுனியில் மட்டும் பெரிய பொன்மஞ்சள் பூக்களாக நிற்கும். மரம் சின்னதுதான், ஆனால் சாம்பல் நிறப் பாறைக்கு முன்னால் அந்த மஞ்சள் கிலோமீட்டர் தூரத்துக்குத் தெரியும். மாசி, பங்குனியில் குன்றுகள் ஓரமாகப் போகும் எந்தப் பேருந்திலும் ஜன்னல் இருக்கையைப் பிடித்துவிட்டு மேலே பாருங்கள்.

காடே தீப்பிடிச்ச மாதிரி புரசு பூத்திருக்கிற போட்டோ பார்த்தேன். அது தமிழ்நாட்டுல எங்கே?

முதுமலையைச் சுற்றியுள்ள மசினகுடி, தெப்பக்காடு பகுதி, அதை விட்டால் சத்தியமங்கலத்தில் இருந்து திம்பம் ஏறி ஆசனூர் போகும் வழி. இரண்டுமே மழை குறைந்த இலையுதிர் காடுகள், மாசியில் இருந்து பங்குனி நடு வரை பார்க்கலாம். பூத்த புரசு மரத்தில் மைனா, தேன்சிட்டு, கரிச்சான், கிளி என்று ஒரு சந்தையே கூடியிருக்கும், காலை வேளையில் அந்தச் சத்தத்துக்காகவே நிற்கத் தோன்றும்.

ஆனால் நிற்கக் கூடாது. இரண்டுமே புலிகள் காப்பகம். சாலையில் வண்டியை ஓரங்கட்டி இறங்குவது சட்டப்படியும் தவறு, கோடையில் தண்ணீர் தேடி யானைகள் சாலையைக் கடக்கும் காலம் என்பதால் ஆபத்தும்கூட. திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள், இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு, முதுமலையைத் தாண்டி பந்திப்பூர் வழியாகக் கர்நாடகம் போகும் சாலையும் இரவு 9 மணிக்கு மூடிவிடும். ஆகவே விடிந்ததும் கிளம்பி, மெதுவாக ஓட்டி, ஓட்டுகிறவர் சாலையைப் பார்க்க மற்றவர்கள் மரத்தைப் பார்க்கலாம். மசினகுடியில் தங்கினால் ஊர் எல்லைக்குள்ளேயே நடந்து பார்க்கவும் நிறைய மரங்கள் கிடைக்கும்.

சென்னையில இருக்கோம். ஒரே நாள்ல போயிட்டு வர முடியுமா?

திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை சாலை. செஞ்சி சுமார் 150 கிலோமீட்டர், திருவண்ணாமலை 190-க்கு மேல். போகும் வழியில் மதுராந்தகம் பக்கத்து ஏரிக்கரைகளில் வேம்பும் புங்கமும், திண்டிவனம் தாண்டியதும் பாறைக் குன்றுகளின் ஓரம். அதிகாலை 5 மணிக்குக் கிளம்பினால் 10 மணி வெயிலுக்குள் நல்ல பங்கைப் பார்த்துவிடலாம்.

ஒரு இரவு தங்க முடிந்தால் ஜவ்வாது மலை. வாணியம்பாடி, ஆலங்காயம், காவலூர் வழியாக ஜமுனாமரத்தூர். காவலூர் வானாய்வகத்தைச் சுற்றிலும் காடுதான். கூட்டம் குறைவு. சாப்பாட்டுக்கு மட்டும் அடிவாரத்திலேயே ஏற்பாடு செய்துகொண்டு ஏறுங்கள். நகரத்தை விட்டு நகரவே முடியாதவர்களுக்கு: புரசைவாக்கம் கங்காதரேஸ்வரர் கோயிலின் தல மரமே புரசுதான்.

காபி பூக்கிறப்ப மலையே வெள்ளையா மாறும்னு சொல்றாங்களே, அது எப்போ?

தேதி சொல்ல முடியாத ஒரே பூ இதுதான். காபிச் செடியில் மொட்டு வந்து, வறட்சியில் அப்படியே தூங்கிக்கொண்டிருக்கும். பிப்ரவரி முதல் ஏப்ரலுக்குள் ஒரு நல்ல கோடை மழை விழ வேண்டும். விழுந்த எட்டு, பத்து நாளில் அந்த மழை பெற்ற தோட்டம் முழுக்க ஒரே காலையில் வெடிக்கும். கிளை நெடுக வெள்ளைப் பூ, மல்லிகை வாசம், தேனீக்களின் இரைச்சல். இரண்டு, மூன்று நாளில் பழுப்பாகி முடிந்துவிடும். மழை பெய்யாத பக்கத்துத் தோட்டம் பச்சையாகவே நிற்கும். விவசாயிக்கு இந்த மழை வாழ்க்கைப் பிரச்சினை, அரைகுறையாகத் தூறினால் மொட்டு சரியாக விரியாமல் அந்த வருட விளைச்சலே போய்விடும்.

அதனால் முறை இதுதான்: ஏற்காடு, தாண்டிக்குடி, பண்ணைக்காடு, சிறுமலை, வால்பாறை, கூடலூர், இவற்றில் உங்களுக்குப் பக்கம் எதுவோ அங்கே ஒரு தங்குமிடத்திலோ டீக்கடையிலோ பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். முதல் மழை எப்போது என்று கேட்டு, அதில் இருந்து ஒன்பதாம் நாளைக் குறித்துக்கொண்டு கிளம்புங்கள். கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடிப் பாதையை நான் முதலில் சொல்வேன், காபிக்கு நடுவே நிழல் மரங்களும் மிளகும் ஆரஞ்சும் கலந்து இருக்கும், கொடைக்கானல் நெரிசலும் இல்லை.

ஊட்டி ரோட்டுல ஊதா கலர்ல ஒரு மரம் பூத்து நின்னுச்சே, அது என்ன?

ஜகரண்டா. தென் அமெரிக்க மரம், மலைநகரங்களில் அழகுக்காக நட்டது. மார்ச், ஏப்ரலில் குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல், ஏற்காடு எல்லா இடத்திலும் பார்க்கலாம். சமவெளியில் நட்டால் இந்த அளவு பூக்காது.

மலையில் இதைவிட அவசியம் பார்க்க வேண்டியது காட்டுப்பூவரசு. ரோடோடென்ட்ரான் என்று சொன்னால் இமயமலை ஞாபகம் வரும், அதே இனத்தின் தெற்குக் கிளைதான் நீலகிரியிலும் பழனி மலை உச்சியிலும் இருக்கிறது, இடையில் ஆயிரம் மைலுக்கு மேல் எங்கும் கிடையாது. முறுக்கிய அடிமரம், தடித்த இலை, நல்ல சிவப்புக் கொத்து. மார்கழியில் தொடங்கி பங்குனி வரை. தொட்டபெட்டா பக்கம், அவலாஞ்சி, கொடைக்கானலில் பேரிஜம் போகும் காட்டுவழி. பேரிஜத்துக்கு வனத்துறை அனுமதி வேண்டும். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே முதல் இ-பாஸ் கட்டாயம், கோடையில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்று வரம்பும் வைக்கிறார்கள், முன்னாடியே எடுத்துவிடுங்கள்.

அப்படியே குறிஞ்சியையும் பார்த்துட்டு வந்துடலாமா?

இந்தக் காலத்தில் முடியாது. பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி ஆடி முதல் ஐப்பசி வாக்கில் பூப்பது. 2006-க்குப் பிறகு 2018-ல் பெரிதாகப் பூத்தது, அடுத்து 2030. நடுவில் "குறிஞ்சி பூத்துவிட்டது" என்று வரும் படங்கள் வேறு இடைவெளியில் பூக்கும் அதன் சொந்தக்காரச் செடிகளாகவோ, சுற்று மாறிப் பூத்த சில புதர்களாகவோ இருக்கும். அவையும் அழகுதான், ஆனால் மலைச்சரிவே நீலமாகும் காட்சியை எதிர்பார்த்துப் போக வேண்டாம்.

சுந்தரபாண்டியபுரம் சூரியகாந்தி ஏப்ரல்ல இருக்குமா? வேற வயல்ல என்ன பார்க்கலாம்?

இருக்காது. தென்காசிப் பக்கம் சூரியகாந்தி ஆடி, ஆவணியில், குற்றாலச் சாரல் காலத்தோடு சேர்ந்து வரும். ஏப்ரலில் போனால் வெறும் உழவு நிலம்தான்.

கோடையில் வயல் பார்க்க வேண்டும் என்றால் மல்லி. நிலக்கோட்டை, உசிலம்பட்டி, திருமங்கலம் சுற்றுவட்டாரம், மேற்கே சத்தியமங்கலம். மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மார்கழிக் குளிரில் அரிதாகி விலை எகிறும் மல்லி, பங்குனியில் இருந்து கொட்டும். ஒன்று மட்டும் தெரிந்துகொண்டு போங்கள், மல்லித் தோட்டம் பகலில் வெள்ளையாக இருக்காது. விரிவதற்குள், மொட்டாக இருக்கும்போதே, இருட்டோடு வந்து பறித்துவிடுவார்கள். பறிப்பவர்களின் கை வேகத்தைப் பார்க்கத்தான் அங்கே போக வேண்டும். மொத்தப் பூவையும் ஒரே இடத்தில் பார்க்க நிலக்கோட்டைச் சந்தை, இல்லையென்றால் நாகர்கோவில் பக்கத்தில் தோவாளைச் சந்தை, இரண்டும் காலையில்தான்.

மாசிப்பட்டத்தில் எள் விதைத்த நிலங்களும் சித்திரையில் பூத்திருக்கும். விழுப்புரம், கடலூர்ப் பக்கம் போனால் கண்ணை விடாதீர்கள். சின்ன மணி மாதிரி வெளிர் பூ, யாரும் அதைப் பார்க்க என்று நிற்பதில்லை, அவ்வளவு அழகு.

எத்தனை மணிக்குப் போனா நல்லா இருக்கும்?

பெரும்பாலானவற்றுக்கு விடிந்ததில் இருந்து 9 மணி வரை. பறவைகள் இருக்கும், வெளிச்சம் சாய்வாக விழும், உங்கள் தலையும் தப்பிக்கும். 11 மணிக்கு மேல் நிறங்களே வெளுத்துத் தெரியும்.

இரவுப் பூக்களை யாரும் கேட்பதில்லை, நானாகவே சொல்கிறேன். வாகை அந்தி சாய்ந்ததும் மணக்கும், ஊருக்கு வெளியே சாலையில் நின்றால் மரம் கண்ணில் படும் முன் வாசம் வந்துவிடும். இலுப்பை இன்னும் விசேஷம். பழைய சிவன் கோயில்களை ஒட்டியும் அய்யனார் கோயில் காடுகளிலும் பெரிய இலுப்பை மரங்கள் இன்றும் நிற்கின்றன, கோயில் விளக்கு எரிக்க அதன் விதை எண்ணெய் வேண்டும் என்று முன்னோர் விட்டுவைத்தவை. பங்குனி, சித்திரையில் இரவெல்லாம் பழந்தின்னி வௌவால்கள் வந்து போகும், விடிகாலையில் சதைப்பற்றான வெளிர் பூக்கள் சொட்டுச் சொட்டாக உதிர்ந்து தரை முழுக்கக் கிடக்கும். எடுத்து வாயில் போட்டால் தித்திக்கும். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்ற பழமொழியை நேரில் ருசிக்கலாம். ஊருக்குள் இருக்கும் மரம் என்றால் பயமில்லை. மலையடிவாரத்து இலுப்பைக்குக் கரடியும் அதே நேரத்தில் வரும், வெளிச்சம் நன்றாக வந்த பிறகு, உள்ளூர்க்காரர் ஒருவரோடு போங்கள்.

வேப்பம்பூ, கொன்றைப்பூ எல்லாம் பறிச்சுட்டு வரலாமா?

வேப்பம்பூவைப் பறிக்கவே வேண்டாம். இரவு மரத்தடியில் ஒரு பழைய வேட்டியை விரித்துவிட்டால் காலையில் அள்ளிக்கொள்ளலாம், தூசி புடைத்து வெயிலில் காயவைத்தால் வருடம் முழுக்க ரசத்துக்கு வரும். சித்திரை முதல் நாள் பச்சடிக்குப் புதுப்பூ வேண்டும் என்றால் இரண்டு நாள் முன்னாடியே விரியுங்கள். கொன்றைக்குக் கிளையை ஒடிக்கிறார்கள், அதைப் பார்க்கும்போது மனசு வலிக்கிறது. ஒரு சரம் போதும் சாமிக்கு.

காப்புக்காட்டிலும் புலிகள் காப்பகத்திலும் கீழே கிடக்கும் பூவைக்கூட எடுக்காதீர்கள். அங்கே விழுந்ததெல்லாம் மானுக்கும் கரடிக்கும் சாப்பாடு.

போன வருஷம் இதே தேதியில போட்டோ போட்டிருந்தாங்க, நாங்க போனா ஒண்ணுமே இல்ல. ஏன்?

மரம் காலண்டர் பார்ப்பதில்லை. முந்தின வடகிழக்கு மழை நன்றாகப் பெய்திருந்தால் இலை உதிர்வது தாமதமாகும், பூவும் தள்ளிப்போகும். சீக்கிரம் காய்ந்தால் சீக்கிரம் பூக்கும். சரக்கொன்றை சில வருடங்களில் சித்திரைக்குக் காத்திராமல் மாசியிலேயே பூத்துவிடுகிறது. ஒரே மலையில் அடிவாரத்துக்கும் உச்சிக்கும் இரண்டு வாரம் வித்தியாசம் வரும். கீழே முடிந்திருந்தால் கொஞ்சம் மேலே ஏறிப் பாருங்கள், பெரும்பாலும் கிடைக்கும். காபிக்கு மேலே சொன்னதுபோல மழைதான் கணக்கு.

அப்புறம், படம் எடுத்த நாளும் அதை வெளியிட்ட நாளும் ஒன்றாக இருக்காது. அந்த வாரம் அந்த வழியில் பேருந்து ஓட்டுகிறவரைக் கேட்பது எந்தப் படத்தையும்விட நம்பகமானது.

தோட்டத்துக்குள்ள இறங்கி போட்டோ எடுத்துக்கலாமா? ரெண்டு நிமிஷம்தானே?

கேட்டுவிட்டு இறங்குங்கள். கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள், மோரும் கொடுப்பார்கள். கேட்காமல் இறங்கினால் காபியிலும் மாமரத்திலும் உங்கள் தோள் பட்டு உதிர்வது அவர்களுடைய வருமானம். எள்ளிலும் மல்லியிலும் வரப்பை விட்டு இறங்கவே கூடாது. மாந்தோப்பில் பூச்சி மருந்து அடித்திருக்கலாம், குழந்தைகளோடு போகிறவர்கள் இதை அவசியம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தேனீ நிறைய இருக்குமே, பயமில்லையா?

பூவில் இருக்கும் தேனீ உங்களைக் கண்டுகொள்ளாது. பயப்பட வேண்டியது கூட்டை. பெரிய இலவ மரங்களிலும் பாறை முகடுகளிலும் மலைத்தேனீ அடை கட்டும். செண்ட் பூசிக்கொண்டு போகாதீர்கள், அடியில் புகை போடாதீர்கள், கல் எறியாதீர்கள். மகரந்தம் ஒத்துக்கொள்ளாத ஆஸ்துமாக்காரர்கள் மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு, வண்டிக் கண்ணாடி வழியாகவே பார்ப்பது நல்லது.

மலையேறிப் போய்ப் பார்க்கலாம்னு இருக்கோம், ட்ரெக்கிங் போகலாமா?

இந்தப் பருவத்தில் வேண்டாம். பூக்கிற அதே காலம்தான் காட்டுத்தீக் காலமும். 2018 மார்ச் 11-ம் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காய்ந்த புல்லில் தீ நாம் ஓடுவதைவிட வேகமாக ஏறும். வனத்துறையும் இந்த மாதங்களில் பாதைகளை மூடி வைப்பது வழக்கம். திறந்திருந்தாலும் அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் ஏறாதீர்கள். நான் இங்கே சொல்லியிருக்கும் பூக்களில் சாலையில் இருந்தே பார்க்க முடியாதது கிட்டத்தட்ட எதுவுமே இல்லை.

எங்ககிட்ட கார் இல்ல, அம்மாவுக்கு முட்டி வலி. எங்களுக்கு என்ன வழி?

பேருந்து காரைவிட உயரம், வேலிக்கு மேலே தெரியும். திண்டுக்கல்லில் இருந்து சிறுமலைக்கும், வத்தலக்குண்டில் இருந்து தாண்டிக்குடிக்கும் பேருந்து உண்டு. பொள்ளாச்சியில் இருந்து ஆனைமலைப் பக்கம் சித்திரையில் போனால் கொன்றை, வாகை, தூங்குமூஞ்சி மரம் எல்லாம் சாலையிலேயே. மேட்டுப்பாளையம் மலை ரயிலில் இடம் கிடைத்தால் அடிவாரக் காட்டில் தொடங்கிக் குன்னூருக்கு மேலே ஜகரண்டா வரை உட்கார்ந்த இடத்திலேயே பார்த்துவிடலாம், டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதுதான் சிரமம்.

குல்மொஹர், ஜகரண்டா எல்லாம் வெளிநாட்டு மரம்னு சொல்றீங்க. அப்போ அதை ரசிக்கக் கூடாதா?

தாராளமாக ரசிக்கலாம். குல்மொஹர் மடகாஸ்கரில் இருந்து வந்தது, நட்ட இடத்தில் நிற்கிறது, யாரையும் தொந்தரவு செய்வதில்லை. ஆனால் எல்லா வெளிநாட்டு மரமும் அப்படி இல்லை. முதுமலை, சத்தியமங்கலம் போகிறவர்கள் காட்டுக்குள் நிறைய மஞ்சள் பூவோடு கூட்டமாக நிற்கும் மரங்களைக் காட்டி "கொன்றை எப்படிப் பூத்திருக்கு பாருங்க" என்று மகிழ்கிறார்கள். அது பெரும்பாலும் சரக்கொன்றை இல்லை, மஞ்சள் கொன்றை என்கிற அந்நிய மரம். சரம் தொங்காமல் கிளை நுனியில் நிமிர்ந்த கொத்தாக இருக்கும். அதன் நிழலில் புல் வளராது, மானும் யானையும் அதைத் தின்னாது, வெட்டினாலும் தூரில் இருந்து மறுபடி தழைக்கும். வனத்துறை அதை வேரோடு அகற்றி, காகித ஆலைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. பல நிறத்தில் பூக்கும் உண்ணிச்செடியும் இதே கதைதான். விதையையோ கன்றையோ அழகாக இருக்கிறதே என்று வீட்டுக்குக் கொண்டு வராதீர்கள்.

வருஷா வருஷம் நாங்க பார்க்கிற புங்க மர வரிசையை ரோடு போட வெட்டப் போறாங்களாம். ஏதாவது செய்ய முடியுமா?

முயற்சி செய்யலாம். அரசு நிலத்தில் உள்ள மரங்களை வெட்ட மாவட்ட ஆட்சியர் தலைமையிலான பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். அந்த அனுமதி வாங்கினார்களா என்று ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்துக் கேளுங்கள், மரங்களின் எண்ணிக்கை, சுற்றளவு, படம் எல்லாவற்றையும் இணைத்து. வெட்டத் தொடங்கிய பிறகு ஓடுவதில் பலன் குறைவு. அடிமரத்தில் வரிசை எண் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள், அதுதான் முதல் அறிகுறி, அன்றைக்கே மனு எழுதுங்கள்.

எங்க வீட்டு முன்னாடியே ஒண்ணு நட்டு வளர்க்கணும். எது நல்லது?

இடம் குறைவு என்றால் சரக்கொன்றை. விதையின் தோல் கெட்டி, ஓரத்தை லேசாகத் தேய்த்துவிட்டு அல்லது சுடுதண்ணீரில் போட்டு ஒரு இரவு ஊறவைத்துப் போட்டால்தான் ஒழுங்காக முளைக்கும். தெருவுக்கு நிழலும் வேண்டும் என்றால் புங்கம், பங்குனியில் இலை உதிர்ந்த கையோடு தளதளவென்று புது இலை விட்டு, வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூத்து, தெருவை முழுக்கப் பூவால் மூடிவிடும். பக்கத்தில் வாய்க்காலோ குளக்கரையோ இருந்தால் மாவிலங்கம். வெள்ளையாக மலர்ந்து வெளிர் மஞ்சளாக மாறும், உள்ளே நீண்ட ஊதா இழைகள், ஏனோ நர்சரிகளில் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

புரசு வேண்டும் என்பவர்களுக்குப் பொறுமை வேண்டும், மிக மெதுவாக வளரும். எதுவானாலும் கோடையில் நடாதீர்கள், புரட்டாசி கடைசியில் குழி எடுத்து வடகிழக்கு மழையோடு நடுங்கள், முதல் இரண்டு கோடைக்கு வாரம் இரண்டு முறை தண்ணீர், ஆட்டுக்கு எட்டாத உயரத்தில் ஒரு கூண்டு.